ஓசிக்கு என்ன விலை?

ஒரு மாவட்டம் பிறந்து, பதினைந்தே மாதத்தில் கலைந்து, ஐந்தரை வருடம் கழித்து மறுபடி பிறந்த கதை தெரியுமா? அரியலூர்க்காரர்களைக் கேளுங்கள், விலாவாரியாகச் சொல்வார்கள்.

1995ல் பழைய திருச்சி மாவட்டத்தைப் பிரித்தபோது பெரம்பலூர் தனி மாவட்டமானது. அரியலூர் அதற்குள் அடக்கம். 2001 ஜனவரி 1ஆம் தேதி, தி.மு.க. ஆட்சியில், அரியலூரைத் தனி மாவட்டமாக்கினார்கள். அப்புறம் அ.தி.மு.க. ஆட்சி வந்தது. 2002 மார்ச் 31ல் அரியலூர் திரும்பவும் பெரம்பலூரோடு ஐக்கியம். மறுபடி தி.மு.க. 2007 நவம்பர் 23ல் மீண்டும் அரியலூர் மாவட்டம்! ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறவருக்கும் போர்டு எழுதுகிறவருக்கும் அந்த ஏழு வருடத்தில் நல்ல வியாபாரம் நடந்திருக்க வேண்டும்.

இந்தக் கதை எனக்குத் திடீரென்று ஞாபகம் வந்த இடம் கலெக்டர் ஆபீஸ் அல்ல. அரியலூரில் மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கடை.

கடைக்காரத் தம்பிக்கு முப்பது வயது இருக்கலாம். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், அதோடு வெப்சைட் போட்டுக் கொடுக்கிற வேலை. காலேஜ், பள்ளிக்கூடம், ஜவுளிக்கடை, லாரி புக்கிங் ஆபீஸ் என்று வாடிக்கையாளர்கள். சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட்டும் விளைகிற ஊர் ஆயிற்றே, லாரிக்குப் பஞ்சமில்லை. நான் போன நேரம் தம்பி நொந்து போயிருந்தார்.

"லாரி ஆபீஸ் ஓனர் ஒருத்தருக்கு சைட் முடிச்சுக் குடுத்தேன் சார். பதினஞ்சாயிரம்னு பேச்சு. இப்ப அவரு காலேஜ் படிக்கிற மருமகன், 'மாமா, இது வேர்ட்பிரஸ்ல பண்ணது. அது ஃப்ரீ'ன்னு சொல்லிட்டான். 'ஓசியில கெடைக்கிற சாமானுக்கு எதுக்குடா பதினஞ்சாயிரம்?'னு கேக்குறாரு. நான் என்னா சார் சொல்றது?"

நியாயமான கேள்விதான். லாரிக்காரருடையதும் நியாயம், தம்பியுடையதும் நியாயம். உலகத்தின் பெரிய பெரிய கம்பெனிகளே இந்த ஒரு கேள்வியில் தடுக்கி விழுந்திருக்கின்றன.

*

முதலில் வேர்ட்பிரஸ் என்பது என்ன சமாசாரம் என்று பார்த்துவிடலாம்.

ஒரு காலத்தில் வெப்சைட்டில் ஒரு போன் நம்பரை மாற்ற வேண்டுமென்றால்கூட, நிரல் தெரிந்த ஆளைத்தான் கூப்பிட வேண்டும். எழுத்து, படம், கட்டம், கலர் எல்லாம் ஒரே குழம்பாக ஒரே கோப்பில் கிடக்கும். இதைப் பிரித்து வைத்ததுதான் உள்ளடக்க மேலாண்மை மென்பொருள். பெயர் மிரட்டினாலும் விஷயம் நம் வீட்டு முறுக்குக் குழல்தான். மாவு தனி, அச்சுத் தட்டு தனி. தட்டை மாற்றினால் அதே மாவு முறுக்காக வரும், ஓமப்பொடியாக வரும். நீங்கள் செய்தியை டைப் அடித்துப் படத்தைச் செருகி ஒரு பட்டனைத் தட்டினால் போதும், மற்றதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

வேர்ட்பிரஸ், ஜூம்லா, த்ருபல் மூன்றும் இந்த ஜாதி. மூன்றையும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம்.

ஆக ஓசி. அப்படித்தானே?

'ஓசி' என்ற வார்த்தைக்கு ஒரு கதை சொல்வார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் 'ஆன் கம்பெனி சர்வீஸ்' என்று முத்திரை குத்திய தபாலுக்குக் கட்டணம் கிடையாதாம். அந்த ஓ.சி.தான் பேச்சு வழக்கில் ஓசி ஆயிற்றாம். கதை நிஜமோ பொய்யோ, அதற்குள் ஒரு கணக்குப் பாடம் இருக்கிறது. அந்தத் தபாலைத் தூக்கிக்கொண்டு ஓடியவனுக்குக் கம்பெனி கூலி கொடுத்திருக்கும் அல்லவா? அனுப்பியவருக்கு விலை பூஜ்ஜியம். செலவு பூஜ்ஜியம் இல்லை. காமர்ஸ் படித்த எனக்கு இன்றைக்கும் மறக்காத ஒரே காஸ்டிங் பாடம் இதுதான்: விலை வேறு, அடக்கச் செலவு வேறு.

*

அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்று ஒரு தாடிக்கார மனிதர். 1983ல் 'குனு' என்ற திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை யாரும் ஓட்டலாம், உள்ளே திறந்து படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதையும் திருத்தாததையும் பிறருக்குக் கொடுக்கலாம். இந்தச் சுதந்தரங்கள் இருந்தால்தான் அது 'ஃப்ரீ' என்றார்.

ஆங்கிலத்தில் வம்பே அந்த வார்த்தைதான். இலவசத்துக்கும் அதே சொல், சுதந்தரத்துக்கும் அதே சொல். தமிழில் நமக்கு அந்தக் கஷ்டமில்லை. இலவசம், ஓசி, தானம், தருமம் என்று தினுசு தினுசாக வைத்திருக்கிறோம். ஸ்டால்மன் சொன்னதற்குத் தமிழ்க் கணினிக்காரர்கள் வைத்த பெயர் 'கட்டற்ற மென்பொருள்'. கட்டு இல்லாதது. காசு இல்லாதது என்று அர்த்தமில்லை.

காசு வாங்கக் கூடாதா? ஸ்டால்மனே வாங்கினார்! 1985 வாக்கில், தான் எழுதிய ஈமாக்ஸ் மென்பொருளை டேப்பில் பதிந்து ஒரு டேப் 150 டாலர் என்று தபாலில் விற்றார். சாப்பாட்டுக்கு வழி வேண்டுமே. வாங்கியவர் அதை நூறு பேருக்குப் படி எடுத்துக் கொடுத்தாலும் அவர் ஆட்சேபிக்கவில்லை. 1989ல் இந்த ஏற்பாட்டை ஜி.பி.எல். என்ற உரிமமாக எழுதினார். அதன் சாரம் சுலபம்: விற்றுக்கொள், ஆனால் வாங்கியவன் கையைக் கட்டாதே. நீ திருத்தி வெளியிட்டால், உனக்குக் கிடைத்த அதே சுதந்தரத்தை அடுத்தவனுக்கும் கொடு.

இந்த நாலு வரிக்குள் எத்தனை வீடு கட்டலாம் என்பது அடுத்த இருபது வருடத்தில் தெரிந்தது.

*

2001ல் சான் பிரான்சிஸ்கோவில் ஓர் இளம் தம்பதி. பென் ட்ராட், மேனா ட்ராட். இருவர் பிறந்த நாளுக்கும் ஆறு நாள் வித்தியாசம். அதனால் கம்பெனிக்கு 'சிக்ஸ் அபார்ட்' என்று பெயர். அவர்கள் செய்த 'மூவபிள் டைப்' என்ற மென்பொருளைச் சொந்த உபயோகத்துக்குச் சும்மாவே கொடுத்தார்கள். இணையத்தில் எழுதுகிறவர்கள் மொய்த்தார்கள்.

2004 மே மாதம் மூன்றாவது பதிப்பு வந்தது. கூடவே புது நிபந்தனை. இலவசப் பதிப்பில் ஒருவர்தான் எழுதலாம், மூன்று தளத்துக்கு மேல் கூடாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் பணம்.

அவர்கள் செய்தது தப்பா? அவர்கள் பொருள், அவர்கள் விலை. ஆனால் எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. மூவபிள் டைப் அதுவரை ஓசியாக இருந்ததே தவிர, கட்டற்றதாக இருந்ததில்லை. பழைய நிரலை எடுத்து, திருத்தி, 'நாங்களே நடத்திக்கொள்கிறோம்' என்று கிளம்ப உரிமம் இடம் கொடுக்கவில்லை. வாடகை இல்லாத வீட்டில் குடியிருந்தவர்களிடம் ஒருநாள் வாடகை கேட்டுவிட்டார்கள். கொடு, இல்லையா கிளம்பு.

மார்க் பில்கிரிம் என்ற எழுத்தாளர் கணக்குப் போட்டார். தன் உபயோகத்துக்குப் புது விலை 535 டாலர். அந்தத் தொகையை அப்படியே வேர்ட்பிரஸ் ஆசாமிகளுக்கு நன்கொடையாகக் கொடுத்துவிட்டு அங்கே குடிபோனார். கவனியுங்கள், காசை மிச்சம் பிடிக்க அவர் போகவில்லை. அதே காசைக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

அந்த வேர்ட்பிரஸ் அப்போது ஒரு வயதுக் குழந்தை. அதுவும் சொந்தமாகப் பிறந்த குழந்தை இல்லை, தத்துப் பிள்ளை. கார்சிகா தீவைச் சேர்ந்த மிஷேல் வால்ட்ரிகி என்பவர் எழுதி, பாதியில் விட்டுவிட்ட 'பி2' என்ற மென்பொருள்தான் அதற்கு மூலம். ஹூஸ்டனில் 19 வயது மாணவன் மேட் முல்லன்வெக், '2003 ஜனவரியில் இதை யாராவது தொடர வேண்டும்' என்று எழுதினான். இங்கிலாந்திலிருந்து மைக் லிட்டில் 'நானும் வருகிறேன்' என்றார். பி2 ஜி.பி.எல். உரிமத்தில் இருந்ததால் யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. 2003 மே 27ல் வேர்ட்பிரஸ் வெளிவந்தது. மூவபிள் டைப் விலையேற்றம் சரியாகப் பன்னிரண்டு மாதத்தில் அதன் வாசலில் கூட்டத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது.

சிக்ஸ் அபார்ட் 2007 டிசம்பரில் மனம் மாறி, மூவபிள் டைப்புக்கும் கட்டற்ற பதிப்பு ஒன்றை வெளியிட்டது. பஸ் போய்விட்டிருந்தது. 2013ல் ஆறாவது பதிப்போடு அதுவும் நின்றது.

*

இப்போது அரியலூர்க் கதையை ஞாபகம் வைத்துக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்கு வாருங்கள்.

மெல்பர்னில் மிரோ என்ற கம்பெனி. 2000ல் மாம்போ என்ற மென்பொருளை எழுதியது. 2001ல் அதை ஜி.பி.எல். உரிமத்தில் திறந்துவிட்டது. 2002ல் அதே பெயரில் விலைக்கு ஒரு வணிகப் பதிப்பு. குழப்பம் வரக் கூடாதென்று கட்டற்றதற்கு 'மாம்போ ஓப்பன் சோர்ஸ்' என்று பெயர். ஒரே கடையில் ஓசி மோரும் காசு லஸ்ஸியும் மாதிரி.

காலப்போக்கில் மோர் பக்கம்தான் கூட்டம். உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் ராப்பகலாக நிரல் எழுதினார்கள். சம்பளம் கிடையாது.

2005ல் மிரோ, மாம்போவுக்காக ஓர் அறக்கட்டளையை ஆரம்பித்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 'எங்களைக் கலந்துகொள்ளாமல் அமைத்துவிட்டார்கள், கடிவாளம் கம்பெனி கையில்தான் இருக்கப் போகிறது' என்று நிரல் எழுதுகிறவர்கள் கொதித்தார்கள். 2005 ஆகஸ்ட் 17. ஆண்ட்ரூ எட்டி தலைமையிலிருந்த மையக் குழு வெளியேறியது.

மூவபிள் டைப் ஆட்கள் வெறுங்கையோடு வீட்டைக் காலி செய்தார்கள். இவர்கள் வீட்டையே தூக்கிக்கொண்டு போனார்கள்! உரிமம் ஜி.பி.எல். ஆயிற்றே. நிரல் முழுவதும் அவர்களோடு போனது. போகாதது ஒன்றே ஒன்று: மாம்போ என்ற பெயர். அது மிரோ பக்கமே நின்றது.

புதுப் பெயர் தேடினார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் ஸ்வாஹிலி மொழியில் 'ஜும்லா' என்றால் 'எல்லோரும் சேர்ந்து'. அதிலிருந்து வந்தது ஜூம்லா. 2005 செப்டம்பரில் முதல் பதிப்பு. பெயரை மாற்றி, சில பிழைகளைத் திருத்திய மாம்போதான் அது. சில வருடத்தில் மாம்போ மங்கி மறைந்தது. பிரிந்து போனது வாழ்ந்தது, மூலம் தேய்ந்தது.

இப்படிக் கிளை பிரிவதற்கு மென்பொருள் உலகத்தில் 'ஃபோர்க்' என்று பெயர். முள்கரண்டிதான். நம் ஊரில் மாவட்டத்தைக் கிளை பிரிக்க அரசாணை வேண்டும், ஆட்சி மாறினால் மறு அரசாணை வரும். கட்டற்ற மென்பொருளில் பிரிந்து போகிற உரிமை முதல் நாளே உரிமத்தில் எழுதிக் கொடுத்தாயிற்று. எவர் ஆட்சிக்கு வந்தாலும் வாபஸ் வாங்க முடியாது.

*

தமிழுக்கு இதில் என்ன லாபம் என்று கேட்பீர்கள்.

2005 ஏப்ரலில் மத்திய அரசு, தமிழ் மென்பொருள்களும் எழுத்துருக்களும் அடங்கிய ஒரு குறுந்தகட்டைச் சென்னையில் வெளியிட்டு இலவசமாகக் கொடுத்தது. சி-டாக் நிறுவனம் தொகுத்தது. ஓப்பன் ஆஃபீஸ் என்ற அலுவலக மென்பொருளின் தமிழ் வடிவமும் அதில் இருந்தது.

ஓப்பன் ஆஃபீஸின் பூர்வீகமும் ஓசியா, காசா கதைதான். சன் கம்பெனி 1999ல் ஸ்டார் ஆஃபீஸை வாங்கியது. 2000ல் நிரலைத் திறந்துவிட்டது. அப்புறம் காசுக்கு ஸ்டார் ஆஃபீஸ், கட்டற்றதாக ஓப்பன் ஆஃபீஸ் என்று இரட்டைத் தண்டவாளம். 2010ல் சன் கம்பெனியையே ஆரக்கிள் வாங்கிவிட்டது. அதே செப்டம்பரில் ஓப்பன் ஆஃபீஸ்காரர்கள் பெரும்பாலோர் பிரிந்துபோய் லிப்ரே ஆஃபீஸை ஆரம்பித்தார்கள். இன்று நம் கம்ப்யூட்டரில் லிப்ரே ஆஃபீஸ் தமிழில் பேசுகிறதென்றால் காரணம் இதுதான். கம்பெனி கைமாறியபோது தமிழாக்க உழைப்பு பெட்டிக்குள் பூட்டிக்கொள்ளவில்லை. இன்னொரு மரத்தில் ஒட்டுப் போட முடிந்தது.

யோசித்துப் பாருங்கள். ஒரு மென்பொருளைத் தமிழாக்குவது லேசுப்பட்ட வேலையா? ஆயிரக்கணக்கான சொற்றொடர்கள். இரவு பதினொரு மணிக்கு ஆபீஸ் வேலை முடித்துவிட்டு, 'ஃபைலுக்குக் கோப்பு சரி, ஃபோல்டருக்கு என்ன?' என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் செய்தது. வெறும் ஓசி மென்பொருளில் அந்த உழைப்பு முதலாளியின் சொத்து. அவர் கடையை மூடினால் நம் வார்த்தைகளும் உள்ளேயே கிடக்கும்.

2011ல் அ.தி.மு.க. அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்புக்கு 'விலையில்லா மடிக்கணினி' என்று பெயர் வைத்ததே, ஞாபகம் இருக்கிறதா? 'இலவசம்' என்றால் கௌரவக் குறைச்சலாம். அந்தப் பெட்டிக்குள் விண்டோஸ் ஒரு பக்கம், நம் நாட்டில் தயாரான பாஸ் லினக்ஸ் இன்னொரு பக்கம். விலையில்லாததும் கட்டில்லாததும் ஒரே பெட்டியில்! இரண்டும் பையனுக்குச் சும்மாதான் கிடைத்தது. இரண்டாவதைத்தான் அவன் பிரித்து மேயலாம்.

*

அப்படியானால் கட்டற்ற உலகத்தில் எல்லாம் சுபமா? இல்லை.

வேர்ட்பிரஸ் இன்று உலக இணையதளங்களில் ஐந்தில் இரண்டை ஓட்டுகிறது. அந்த 19 வயதுப் பையன் முல்லன்வெக் 2005ல் ஆட்டோமேட்டிக் என்ற கம்பெனி ஆரம்பித்துப் பெரிய முதலாளியானார். 2024 செப்டம்பரில், வேர்ட்பிரஸ் தளங்களை வாடகைக்கு நடத்திக் கொடுக்கும் டபிள்யூபி எஞ்சின் கம்பெனியோடு பகிரங்கச் சண்டை. 'எங்கள் உழைப்பில் சம்பாதிக்கிறீர்கள், திருப்பிச் செய்வது சொற்பம். பெயரைப் பயன்படுத்த வருமானத்தில் 8 சதவீதம் கொடுங்கள்' என்றார்கள். மறுத்ததும், புதுப்பிப்புகள் வந்து இறங்குகிற வேர்ட்பிரஸ் தளத்திலிருந்து அவர்களைத் துண்டித்தார்கள். வழக்கு கோர்ட்டுக்குப் போனது. 2024 டிசம்பரில் நீதிமன்றம் தலையிட்டு, இணைப்பைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது.

நடுவில் திண்டாடியது யார்? அந்தக் கம்பெனியிடம் மாதாமாதம் பணம் கட்டித் தளம் நடத்தியவர்கள். நிரல் கட்டற்றதுதான். ஆனால் பெயருக்கு ஒரு சொந்தக்காரர், விநியோகக் குழாய்க்கு ஒரு சாவிக்காரர். ஏரித் தண்ணீர் ஊருக்கே பொதுவென்றாலும் மதகு ஒருவர் கையில் இருக்கிறதே!

ஓசி ஆசையிலும் வேறொரு அபாயம் இருக்கிறது. அரியலூர்த் தம்பியே சொன்னார். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்று, காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரு வடிவமைப்பை எங்கோ திருட்டுத்தனமாக இறக்கிப் போட்டுக்கொண்டதாம். நாலு மாதம் கழித்துப் பள்ளியின் பெயரைத் தேடினால் மாத்திரை விளம்பரம் வந்து நின்றிருக்கிறது. ஹெட்மாஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். இலவசமாக வந்த பொட்டலத்துக்குள் எவனோ பின்வாசல் வைத்துத் தைத்திருக்கிறான். சுத்தம் செய்ய ஆன கூலி, ஒழுங்காக வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் விலையைப்போல மூன்று மடங்கு!

*

அன்று தம்பியிடம் ஒன்று கேட்டேன். "நம்ம மாவட்ட வெப்சைட்டைத் திறந்து பாருங்களேன்."

பெரம்பலூர், அரியலூர் இரண்டுக்கும் தனித்தனித் தளம். இரண்டுமே தேசிய தகவலியல் மையம் அரசு அலுவலகங்களுக்காக நடத்துகிற 'எஸ்3வாஸ்' ஏற்பாட்டில் ஓடுபவை. தம்பி பக்கத்தின் நிரலைத் திறந்து காட்டினார். உள்ளே அடைவுகளின் பெயரைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். வேர்ட்பிரஸ்!

கட்டற்ற மென்பொருளுக்கு முன்னுரிமை கொடுப்பது என்று மத்திய அரசு 2015ல் கொள்கையே வகுத்திருக்கிறது. கலெக்டர் ஆபீஸும் லாரி ஆபீஸும் ஒரே மாவுதான், தட்டுதான் வேறு. ஆனால் அரசாங்கத்துக்கு அது ஓசியாகவா நடக்கிறது? சர்வருக்குக் காசு, பாதுகாப்புக்குக் காசு, செய்தி ஏற்றுகிற ஊழியருக்குச் சம்பளம். மென்பொருளின் விலை மட்டும்தான் பூஜ்ஜியம். மீதியெல்லாம் மனித உழைப்பு, அதற்கு எந்தக் காலத்திலும் விலை உண்டு.

"இதையே பில்லாப் போட்டுக் குடுங்க தம்பி" என்றேன்.

அன்றைக்கே ஒரு பில் தயாரானது. முதல் வரி: வேர்ட்பிரஸ் மென்பொருள், ரூ. 0. இரண்டாவது வரி: வடிவமைத்துக் கொடுத்து, ஒரு வருடம் பராமரிக்கக் கூலி, ரூ. 15,000.

ஒரு வாரம் கழித்துத் தம்பி போன் பண்ணினார். "பணம் வந்துருச்சு சார். ஆனா ஓனரு பில்லை ரொம்ப நேரம் பாத்தாரு."

"என்ன சொன்னார்?"

"'ரெண்டாவது வரி சரி தம்பி. மொத வரியில ஏதாச்சும் கொறைக்க முடியுமா?'ன்னு கேட்டாரு சார்!"